கம்பளிக்கு வாங்கிய கரை

ஆண்டுக்கு 7 ஷில்லிங். 1849 ஜனவரியில் பிரிட்டிஷ் அரசு வான்கூவர் தீவை ஹட்சன் பே கம்பெனிக்குக் கொடுத்தபோது வைத்த வாடகை அவ்வளவுதான். 30,000 சதுர கிலோமீட்டருக்கு மேல் பரப்புள்ள தீவு. அடர்ந்த தேவதாரு, சால்மன் மீன் ஏறும் ஆறுகள், நிலக்கரி, ஆழமான துறைமுகங்கள் எல்லாம் அந்த வாடகைக்குள் அடங்கின. தலைமுறை தலைமுறையாக அங்கே வாழ்ந்துவந்த பூர்வகுடி மக்களிடம் லண்டனில் இருந்த யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டு முடித்து, எழுதி வாங்கி, தீவைக் குடியேற்றத்துக்குத் திறந்துவிடும் வேலை கம்பெனியின் உள்ளூர் அதிகாரி ஒருவரிடம் வந்து சேர்ந்தது. அவர் பெயர் ஜேம்ஸ் டக்ளஸ். பதினாறு வயதில் விலங்கு ரோம வியாபாரத்தில் பயிற்சியாளாகச் சேர்ந்தவர். பின்னாளில் இரண்டு காலனிகளுக்கு ஒரே நேரத்தில் கவர்னர்.

அவர் வாழ்ந்த இடங்களைத் தேடித்தான் கனடாவின் மேற்குக் கரைக்குப் போனேன். வசந்தத்தில் தீவிலும் கோடையில் வடக்கு மலைநாட்டிலுமாகச் சுற்றினேன். நான் போன வரிசை வேறு. இங்கே அவர் வாழ்ந்த வரிசையில் சொல்கிறேன்.

விக்டோரியா நகரின் கவர்ன்மென்ட் தெருவில் நடைபாதையை ஒட்டி இரட்டை வரிசையாகச் செங்கல் பதித்திருக்கிறார்கள். கற்களில் பெயர்கள். 1843இல் கம்பெனி கட்டிய கோட்டையின் மதில் அந்தக் கோட்டில்தான் நின்றது. காபிக் கடையிலிருந்து வெளியே வருகிறவர்கள் கோட்டைக்கு உள்ளேயும் வெளியேயும் தெரியாமலே நடந்துபோகிறார்கள். வார்ஃப் தெருவுக்குக் கீழே, கடலைப் பார்த்த பாறையில், கப்பல் கட்டிய இரும்பு வளையங்கள் இன்னும் இருக்கின்றன. கோட்டையில் மிச்சமிருப்பது அந்த வளையங்களும் இந்தக் கோடும்தான்.

டக்ளஸ் பிறந்தது இங்கிருந்து வெகுதூரத்தில். தென் அமெரிக்காவின் வடகரையில், இன்று கயானா என்று அழைக்கப்படும் நாட்டின் டெமராரா பகுதியில், 1803ஆம் ஆண்டு. தகப்பனார் கிளாஸ்கோவிலிருந்து போன வணிகர். தாயார் கலப்பினத்தைச் சேர்ந்த, அடிமைத்தளையில் இல்லாத பெண். பெற்றோர் முறைப்படி மணந்துகொள்ளவில்லை. கரும்புத் தோட்டங்களில் ஆப்பிரிக்க மக்கள் அடிமைகளாக உழைத்த காலம் அது. தோலின் நிறத்தை வைத்து மனிதருக்கு விலை போட்ட ஊர் அது. அந்த ஊரிலிருந்து பையனை ஸ்காட்லாந்தின் லனார்க் நகருக்குப் படிக்க அனுப்பினார் தகப்பனார். 1819இல் பையன் கப்பலேறி, மான்ட்ரியால் வழியாக நார்த் வெஸ்ட் கம்பெனியின் வேலைக்குப் போனான். இரண்டு ஆண்டுகளில் அந்தக் கம்பெனி அதன் பரம எதிரியான ஹட்சன் பே கம்பெனியோடு இணைக்கப்பட்டது. முதலாளி மாறினார், வேலை மாறவில்லை.

அந்த வேலை என்ன என்பதைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். பீவர் என்னும் பிராணியின் மேல்ரோமத்துக்கு அடியில் மிக மென்மையான உள்ரோமம் ஒன்று உண்டு. அதன் இழைகளில் நுண்ணிய முட்கள் இருப்பதால், அடித்து நசுக்கினால் ஒன்றோடொன்று பின்னி உறுதியான ஃபெல்ட் ஆகும். ஐரோப்பாவில் கனவான்கள் தலையில் வைத்த தொப்பிகள் அந்த ஃபெல்ட்டில் செய்தவை. அங்கே பீவரை வேட்டையாடித் தீர்த்துவிட்ட பிறகு வட அமெரிக்கா அகப்பட்டது. 1670இல் இரண்டாம் சார்லஸ் அரசர் தந்த சாசனத்தின் பலத்தில், ஹட்சன் விரிகுடாவில் சேரும் ஆறுகள் பாயும் நிலம் முழுவதிலும் தனி வணிக உரிமையை வைத்திருந்தது கம்பெனி. ஆனால் பீவரைப் பிடித்தவர்கள் கம்பெனி ஆட்கள் அல்லர், பூர்வகுடி மக்கள். காட்டின் வழி அவர்களுக்குத்தான் தெரியும். தோலைப் பதப்படுத்தியவர்கள் அவர்களுடைய பெண்கள். கம்பெனி கம்பளி, துப்பாக்கி, கெண்டி, புகையிலை கொடுத்துத் தோல் வாங்கியது. எல்லாப் பொருளுக்கும் விலை பீவர் தோல் கணக்கில்தான்.

இந்த ஏற்பாட்டில் ஒரு விஷயம் முக்கியம். பூர்வகுடிகள் தங்கள் நிலத்தில், தங்கள் வழியில், உயிரோடும் தெம்போடும் இருந்தால்தான் வியாபாரம் ஓடும். டக்ளஸின் முதல் முப்பதாண்டு உத்தியோகம் இந்தக் கணக்கில் நடந்தது. பிந்தைய ஆண்டுகளில் கணக்கு தலைகீழாக மாறியது. அவரைப் பற்றி நான் படித்த நூல்களில் பாதி அவரை மாநிலத்தின் தந்தை என்று போற்றுகின்றன. மீதி நிலம் பறித்தவர் என்கின்றன. இரண்டு கணக்கிலும் வேலை செய்தவர் ஒரே ஆள் என்பதை வைத்துக்கொண்டுதான் அவரைப் பார்க்க முடியும் என்று எனக்குத் தோன்றுகிறது.

வான்கூவர் நகரிலிருந்து 900 கிலோமீட்டருக்கு மேல் வடக்கே போனால், டக்ளஸ் இளமையில் வேலை பார்த்த கம்பெனிக் கோட்டையான ஃபோர்ட் செயின்ட் ஜேம்ஸ். பிரின்ஸ் ஜார்ஜ் தாண்டியதும் சாலையில் மரம் ஏற்றிய லாரிகளைத் தவிர அதிக நடமாட்டமில்லை. ஊர் ஸ்டுவர்ட் ஏரியின் கரையில் இருக்கிறது. ஏரியின் எதிர்முனை கண்ணுக்குத் தெரியாது. அலை கரையில் மோதும் சத்தம் கடலோரம் போலவே கேட்கும். அரசு இந்த இடத்தைத் தேசியச் சின்னமாகப் பாதுகாக்கிறது. இப்போது நிற்கும் கிடங்கும், தரையிலிருந்து உயர்த்தி மரக்கால்களில் நிறுத்திய மீன் அறையும் 1880களின் இறுதியில் கட்டியவை. டக்ளஸ் காலத்துக் கட்டடங்கள் மிஞ்சவில்லை. கிடங்கின் உள்ளே தோல்கள் தொங்குகின்றன: பீவர், லின்க்ஸ், மார்ட்டன், நரி, கரடி. பீவர் தோலைக் கையில் தொட்டுப் பார்த்தேன். மேல்முடியை விலக்கினால் உள்ளே விரல் புதைகிறது. எத்தனையோ போர்களுக்கும் பயணங்களுக்கும் இந்த ஒரு விரற்கடை மென்மை காரணமாக இருந்திருக்கிறது.

தோலைவிட என்னை அதிகம் யோசிக்க வைத்தது அந்த மீன் அறைதான். இங்கே இருந்த கம்பெனி ஆட்கள் வருஷம் முழுக்கக் காய்ந்த சால்மனைத் தின்றே உயிர் வாழ்ந்தார்கள். அந்த மீனைப் பிடித்து உலர்த்தி விற்றவர்கள் இந்த ஏரிக்கரையின் டாகெல் மக்கள். மீன் வரத்துக் குறைந்த ஆண்டில் கோட்டையில் பட்டினி. துப்பாக்கி வைத்திருந்தவர்கள் கம்பெனிக்காரர்கள். சோறு வைத்திருந்தவர்கள் டாகெல்கள்.

இங்கேதான் டக்ளஸ் 1828இல் சாவின் விளிம்புவரை போய் வந்தார். அதற்கு ஐந்து ஆண்டுகள் முன்னால் ஃபோர்ட் ஜார்ஜில் கம்பெனி ஆட்கள் இருவர் கொல்லப்பட்டிருந்தார்கள். கொன்றதாகச் சொல்லப்பட்டவர்களில் ஒருவர் ஸ்டுவர்ட் ஏரிக்கரை ஊருக்கு வந்திருப்பது தெரிந்ததும், டக்ளஸ் ஆட்களோடு போய் அவரைப் பிடிக்கப் பார்த்தார்; அந்த ஆள் கொல்லப்பட்டார். ஊர்த்தலைவர் க்வா அப்போது ஊரில் இல்லை. தலைவர் வீட்டில் அடைக்கலம் புகுந்தவனைத் தொடக்கூடாது என்பது டாகெல் மரபு. திரும்பி வந்த க்வா தன் ஆட்களோடு கோட்டைக்குள் நுழைந்தார். டக்ளஸைப் பிடித்து மேசைமேல் சாய்த்து, க்வாவின் உறவினர் கத்தியை நெஞ்சுக்கு நேரே பிடித்துக்கொண்டு, குத்தவா என்று க்வாவைக் கேட்டுக்கொண்டே நின்றாராம்.

காப்பாற்றியது அமீலியா. கோட்டையின் மேலதிகாரி வில்லியம் கானலிக்கும் கிரீ இனப் பெண்ணுக்கும் பிறந்தவள். டக்ளஸை மணந்து சில மாதங்களே ஆகியிருந்தன, வயது பதினாறு. மொழிபெயர்ப்பாளரின் மனைவியோடு சேர்ந்துகொண்டு மாடியிலிருந்து துணி, புகையிலை, கைக்குக் கிடைத்த சரக்கை எல்லாம் வாரிக் கீழே போட்டாள். சிந்திய ரத்தத்துக்குப் பொருள் கொடுத்து ஈடு செய்வதும் அந்த மக்களின் மரபுதான். க்வா ஏற்றுக்கொண்டார். கத்தி விலகியது. கம்பெனிக் குறிப்புகளும் டாகெல் மக்கள் சொல்லும் கதையும் விவரங்களில் வேறுபடும்; க்வா விட்டுக்கொடுத்தார் என்பதில் இரண்டும் ஒன்றுதான்.

க்வாவின் கல்லறை ஏரியிலிருந்து ஸ்டுவர்ட் ஆறு பிரியும் இடத்தில் இருக்கிறது. பின்னாளில் சர் பட்டம் பெறப்போகும் மனிதரின் உயிர் ஒருகாலத்தில் இவர் கையில் இருந்தது, அதை எடுக்காமல் விட்ட பெருந்தன்மை இவருக்கு இருந்தது என்ற பொருளில் அங்கே எழுதியிருக்கிறார்கள். விக்டோரியாவில் சட்டமன்றக் கட்டடத்தின் முன்னால் டக்ளஸுக்கு உயரமான கருங்கல் தூண் இருக்கிறது. நான் இரண்டையும் பார்த்தேன். டக்ளஸின் வரலாற்றைத் தெரிந்துகொள்ள ஒரே ஒரு இடத்துக்குத்தான் போக முடியும் என்றால் க்வாவின் கல்லறைக்குப் போகச் சொல்வேன்.

அமீலியாவைப் பற்றி இன்னொரு சேதி. அவளுடைய தகப்பனார் கானலி, கிரீ மனைவியோடு ஏறக்குறைய முப்பது ஆண்டு வாழ்ந்துவிட்டு, 1832இல் அவளை விட்டுவிட்டு மான்ட்ரியாலில் தன் உறவுக்காரப் பெண்ணைத் தேவாலயத்தில் மணந்துகொண்டார். அவர் இறந்த பிறகு முதல் குடும்பத்துப் பிள்ளைகளில் ஒருவர் சொத்தில் பங்கு கேட்டு வழக்குப் போட்டார். கிரீ மரபுப்படி நடந்த மணம் செல்லுபடியாகும் என்று 1867இல் கியூபெக் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. முன்னாள் கவர்னரின் மனைவியான அமீலியாவுக்கு அந்தத் தீர்ப்பு எவ்வளவு பெரியது என்பதை எண்ணிப் பார்க்கிறேன். விக்டோரியாவில் புதிதாகக் குடியேறிய ஆங்கிலேயச் சீமாட்டிகள் அவளது பிறப்பைப் பற்றிக் கிசுகிசுத்துக்கொண்டிருந்த காலம் அது.

1830இல் டக்ளஸை கொலம்பியா ஆற்றங்கரையின் ஃபோர்ட் வான்கூவருக்கு மாற்றினார்கள். இன்று அது அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் இருக்கிறது. மறுகட்டுமானம் செய்த கோட்டையை அரை நாளில் பார்த்துவிடலாம். கணக்கராகச் சேர்ந்த டக்ளஸ் பத்தாண்டுக்குள் கம்பெனியின் மிக உயர்ந்த களப்பதவியான சீஃப் ஃபேக்டர் ஆனார். கம்பெனியின் வட அமெரிக்கத் தலைவர் ஜார்ஜ் சிம்ப்சன் தன் அதிகாரிகளைப் பற்றி 1832இல் ஒரு ரகசியக் குறிப்பேடு எழுதினார். அதில் டக்ளஸ் உடல்வலிமையும் நல்ல நடத்தையும் திறமையும் உள்ளவர், ஆனால் கோபம் வந்தால் கட்டுக்கடங்காதவர் என்ற மதிப்பீடு இருக்கிறது. ஃபோர்ட் செயின்ட் ஜேம்ஸில் நடந்ததை வைத்துப் பார்த்தால் சரியான மதிப்பீடுதான்.

அமெரிக்கக் குடியேறிகள் ஓரிகன் பகுதிக்குள் வண்டி வண்டியாக வந்து சேர, கொலம்பியா ஆறு கைநழுவப் போகிறது என்று கம்பெனி உணர்ந்தது. வடக்கே புதிய இடம் தேடி டக்ளஸ் வான்கூவர் தீவின் தென்முனைக்கு வந்தார். தான் பார்த்த அந்த நிலத்தை ஏதேன் தோட்டத்தோடு ஒப்பிட்டு ஒரு நண்பருக்குக் கடிதம் எழுதினார். ஓக் மரங்கள் அங்கங்கே நிற்கும் திறந்த புல்வெளி. வசந்தத்தில் முழங்கால் உயரத்துக்கு நீலப்பூக்கள்.

அந்தப் பூக்களை பீக்கன் ஹில் பூங்காவில் இன்றும் பார்க்கலாம். காமாஸ் என்று பெயர். அது தானாக விளைந்த தோட்டமல்ல. அந்த நிலத்தின் பூர்வகுடிகளான லெக்வங்கன் மக்கள், குறிப்பாகப் பெண்கள், அந்தக் கிழங்கைப் பயிர்போலப் பேணினார்கள். புதர் மண்டாமல் இருக்க நிலத்துக்குத் தீ வைத்தார்கள்; கிழங்கைத் தோண்டி, குழியில் வேகவைத்து, தூரத்து ஊர்களோடு பண்டமாற்று செய்தார்கள். டக்ளஸ் கண்டது ஒரு மக்களின் விளைநிலம். அதே நிலத்தில் கம்பெனியின் மாடுகளும் பன்றிகளும் மேயத் தொடங்கின. குன்றுக்கு லெக்வங்கன் மக்கள் வைத்த பெயர் மீகன். காமாஸ் பூத்துக் கிடக்கும் சரிவில் நடக்கும்போது ஒரு மூதாட்டி தன் பேரனுக்கு அந்தப் பெயரைச் சொல்லிக் கொடுத்துக்கொண்டு போனதைக் கேட்டேன்.

கோட்டைக்கு மரம் வெட்டித் தந்தவர்களும் லெக்வங்கன் மக்கள்தான். 22 அடி நீளமுள்ள மரத்தூண்கள் நாற்பது கொண்டுவந்தால் ஒரு கம்பளி என்று டக்ளஸ் கூலி பேசினார். கம்பெனிக் கம்பளி அந்தக் கரை முழுவதும் நாணயம்போலச் செல்லும். வெள்ளைப் பரப்பில் பச்சை, சிவப்பு, மஞ்சள், கருநீலக் கோடுகள்; விளிம்பில் அளவைக் காட்டும் சிறு கோடுகள். அந்தக் கம்பளியை சமீபகாலம்வரை கனடாவின் கடைத்தெருக்களில் விற்றுவந்தார்கள். 2025 ஜூன் முதல் தேதி கம்பெனி தன் கடைகள் எல்லாவற்றையும் மூடிவிட்டது. 355 ஆண்டுக் கடை.

1846இல் பிரிட்டனும் அமெரிக்காவும் 49ஆம் அட்சரேகையை எல்லையாக ஒப்புக்கொண்டன. தீவு முழுவதும் பிரிட்டனுக்கு வந்தது. 1849இல் குத்தகை. லண்டன் அனுப்பிய முதல் கவர்னர் ரிச்சர்ட் பிளான்ஷார்டுக்குச் சம்பளமும் இல்லை, குடியிருக்க வீடும் தயாராக இல்லை, ஆள்வதற்குக் குடிகளும் இல்லை. இருந்தவர்கள் எல்லாரும் கம்பெனி ஆட்கள். அவர்கள் டக்ளஸ் சொன்னதைத்தான் கேட்டார்கள். ஒன்றரை ஆண்டில் பிளான்ஷார்டு கிளம்பினார். 1851இல் டக்ளஸ் கவர்னர் ஆனார், கம்பெனி வேலையையும் விடாமல். நிலத்தை விற்கும் கம்பெனிக்கும் விற்பனையைக் கண்காணிக்கும் அரசுக்கும் தலைமை ஒருவரே. சட்டப் படிப்பே இல்லாத தன் சகோதரியின் கணவரைத் தலைமை நீதிபதியாக்கினார். 1856இல் ஏழு உறுப்பினர்களோடு கூடிய முதல் சட்டசபையின் சபாநாயகர் அவருடைய மருமகன் டாக்டர் ஹெல்ம்கன். குடியேறிகள் இதைக் குடும்ப ஆட்சி என்று கண்டித்தார்கள். அந்தக் கண்டனம் நியாயமானது.

நிலத்தை எழுதி வாங்கிய உடன்படிக்கைகளுக்கு வருவோம். கவர்னர் ஆவதற்கு முந்தின ஆண்டு, 1850 ஏப்ரல் 29இல், கோட்டைக்கு அருகில் வாழ்ந்த குடும்பத் தலைவர்களைக் கூப்பிட்டு டக்ளஸ் பேசினார். அன்றும் அடுத்த சில நாள்களிலும் ஒன்பது குழுக்களோடு ஒப்பந்தமானது. ஆண்டுதோறும் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுப்பதாகச் சொன்னதற்கு அவர்கள் மொத்தமாகவே கேட்டார்கள் என்று எழுதியிருக்கிறார். விலை கம்பளியாகக் கொடுக்கப்பட்டது. தலைவர்களின் பெயருக்கு எதிரே கைக்குறிகள் போடப்பட்டன. மேலே ஒப்பந்த வாசகம் இருக்க வேண்டிய இடம் வெறுமையாக விடப்பட்டது. வாசகத்தை எப்படி எழுத வேண்டும் என்று டக்ளஸ் லண்டனுக்குக் கேட்டு எழுதினார். நியூசிலாந்தில் மாவோரி மக்களிடம் நிலம் வாங்கப் பயன்பட்ட பத்திரத்தின் மாதிரி மாதக்கணக்கில் கடல் கடந்து வந்து சேர்ந்தது. அதைப் பார்த்து வெற்றிடம் நிரப்பப்பட்டது.

வாசகத்தின் சாரம் இதுதான்: நிலம் முழுவதும் என்றென்றைக்கும் வெள்ளையருக்குச் சொத்து, ஊர்களும் அடைப்பு வயல்களும் இவர்களுக்கும் இவர்கள் சந்ததிக்கும், ஆளில்லாத நிலங்களில் வேட்டையாடவும் முன்போலவே மீன் பிடிக்கவும் இவர்களுக்கு உரிமை உண்டு. 1851இல் தீவின் வடமுனையில் இரண்டு, 1852இல் சானிச் தீபகற்பத்தில் இரண்டு, 1854இல் நனைமோவில் ஒன்று. ஆக பதினான்கு. மொத்தப் பரப்பு ஏறத்தாழ 930 சதுர கிலோமீட்டர். தீவில் நூற்றுக்கு மூன்று பங்கு.

கேட்டவர்களுக்கு என்ன புரிந்தது? சானிச் மக்கள் வழிவழியாகச் சொல்வது வேறு. கம்பெனி தங்கள் காட்டில் அனுமதியின்றி மரம் வெட்டியது, தங்கள் பையன் ஒருவன் சுடப்பட்டான். சண்டை மூளாமலிருக்க டக்ளஸ் சமாதானத்துக்குக் கம்பளி கொண்டுவந்தார். தாளில் போட்ட குறியைச் சிலுவை என்று நினைத்தோம், கடவுள் பேரில் செய்த சமாதானம் என்று கொண்டோம் என்கிறார்கள். நிலத்தை விற்பது என்ற எண்ணமே அவர்கள் வாழ்வில் இல்லாதபோது அவர்கள் விற்றார்கள் என்பதை நான் நம்பவில்லை. ஸ்டுவர்ட் ஏரிக்கரையிலும் இந்தக் கடற்கரையிலும் பழகிய டக்ளஸுக்கு, ரத்தத்துக்குப் பொருள் கொடுத்துச் சமாதானம் செய்யும் மரபு நன்றாகவே தெரியும். 1828இல் அவர் உயிர் மீண்டது அந்த மரபினால்தான்.

விக்டோரியாவை அடுத்த எஸ்கிமால்ட் துறைமுகத்தின் வாயிலில் ஃபிஸ்கார்ட் கலங்கரை விளக்கம் இருக்கிறது. 1860இல், டக்ளஸ் கவர்னராக இருந்தபோது ஏற்றிய விளக்கு. கனடாவின் மேற்குக் கரையில் முதலாவது. அதன் எதிரே கடற்படைத் தளம். 2010 ஆகஸ்டில் 492 ஈழத்தமிழர்களோடு எம்.வி. சன் சீ கப்பலைக் கொண்டுவந்து நிறுத்தியது அந்தத் தளத்தில்தான். பலர் மாதக்கணக்கில் காவலில் வைக்கப்பட்டார்கள். அந்தக் கரையில் யார் இறங்கலாம், யார் இறங்கக்கூடாது என்று சொல்லும் அதிகாரம் எங்கிருந்து வந்தது என்று ஒரு தமிழர் கேட்டால், பதில் அந்தக் கம்பளி ஒப்பந்தங்களில் போய் நிற்கும். ஈழத்து நண்பர்களோடு அந்த விளக்கின் அடியில் நின்றபோது நாங்கள் பேசியது இதைப் பற்றித்தான்.

1858 எல்லாவற்றையும் புரட்டிப்போட்டது. தீவுக்கு எதிரே உள்ள தலைநிலத்தில் தாம்சன், ஃப்ரேசர் ஆறுகளில் இங்லகாப்மு மக்கள் எடுத்த தங்கத்தைக் கம்பெனி வாங்கி வைத்திருந்தது. அதை சான் பிரான்சிஸ்கோவுக்கு உருக்க அனுப்பியதும் சேதி பரவிவிட்டது. ஏப்ரல் 25ஆம் தேதி, ஞாயிற்றுக்கிழமை, கோட்டையில் இருந்தவர்கள் பிரார்த்தனை முடிந்து திரும்பும் நேரத்தில் கமடோர் என்ற கப்பல் நானூற்றுச் சொச்சம் ஆட்களை இறக்கியது. ஊரில் அதுவரை இருந்த மக்கள் தொகையே அவ்வளவுதான். அந்த ஆண்டு முடிவதற்குள் ஏறத்தாழ 30,000 பேர் ஃப்ரேசர் பள்ளத்தாக்கை நோக்கிப் போனார்கள், பெரும்பாலோர் அமெரிக்கர்.

முதல் கப்பலில் வந்தவர்களில் 35 பேர் சான் பிரான்சிஸ்கோவின் கறுப்பின மக்கள். கலிபோர்னியாவில் வெள்ளையருக்கு எதிராக அவர்கள் நீதிமன்றத்தில் சாட்சி சொல்ல முடியாது. நிலம் வாங்கலாம், குறிப்பிட்ட காலம் இருந்தால் பிரிட்டிஷ் குடிகளின் உரிமை கிடைக்கும் என்ற உறுதி டக்ளஸ் தரப்பிலிருந்து போயிருந்தது. நூற்றுக்கணக்கானோர் பின்தொடர்ந்தார்கள். அவர்களில் ஒருவரான மிஃப்லின் கிப்ஸ் 1866இல் விக்டோரியா நகரசபைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். டெமராராவில் பிறந்தவர் செய்த இந்தக் காரியத்தை நான் உயர்வாகவே வைக்கிறேன். அந்த மக்களின் கையும் புத்தியும் தேவை என்ற கணக்கு அதில் இருந்தது. ஆனாலும் கதவைத் திறந்தார்.

தலைநிலத்தில் டக்ளஸுக்குச் சட்டப்படி எந்த அதிகாரமும் கிடையாது. ஆனாலும் தங்கம் அரசிக்குச் சொந்தம் என்று அறிவித்தார், சுரங்கக்காரர்களுக்கு உரிமக் கட்டணம் வைத்தார், தானே ஹோப்புக்கும் யேலுக்கும் போய் அவர்களோடு பேசினார். லண்டன் விழித்துக்கொண்டு புதிய காலனியை அமைத்தது. கவர்னர் பதவி வேண்டுமென்றால் கம்பெனியை விட வேண்டும் என்றது. விட்டார்.

நவம்பர் 19ஆம் தேதி ஃபோர்ட் லாங்லி கோட்டையில் பிரிட்டிஷ் கொலம்பியா காலனி அறிவிக்கப்பட்டது. அன்று நல்ல மழை. வெளியே நடக்க வேண்டிய விழாவைப் பெரிய வீட்டின் உள்ளே நடத்தினார்கள். அந்தப் பெரிய வீட்டை மறுபடி கட்டி வைத்திருக்கிறார்கள். அருகில் கம்பெனி காலத்துக் கிடங்கு ஒன்று அசலாக நிற்கிறது. சால்மனை உப்பிட்டு ஹவாய்க்கு அனுப்பிய பீப்பாய்களைச் செய்த முறையை ஒரு தச்சர் செய்து காட்டினார். அன்று வாசித்த பிரகடனங்களில் ஒன்று, அந்தப் பகுதியில் ஹட்சன் பே கம்பெனிக்கு இருந்த தனி வணிக உரிமையை ரத்து செய்தது. கம்பெனியின் கோட்டைக்குள் நின்று, கம்பெனியின் உப்பைத் தின்று வளர்ந்தவர், கம்பெனியின் உரிமையை முடித்துவைத்தார்.

அதற்கு மூன்று மாதம் முன்பே ஃப்ரேசர் பள்ளத்தாக்கில் ரத்தம் ஓடிவிட்டது. அமெரிக்கச் சுரங்கக்காரர்கள் படை திரட்டிக்கொண்டு இங்லகாப்மு ஊர்களை எரித்தார்கள். தலைவர் ஸ்பின்ட்லம் லிட்டனில் பேசிச் சமாதானம் செய்திராவிட்டால் சாவு இன்னும் பெருகியிருக்கும். அந்தப் பள்ளத்தாக்கில் அலெக்சாண்டிரா பாலம் என்ற பழைய தொங்குபாலத்துக்கு இறங்கி நடந்தேன். தளம் இரும்புக் கம்பி வலை. காலுக்கடியில் ஆற்றின் பழுப்பு வெள்ளம் சுழல்வது தெரியும். இப்போது நிற்பது 1926இல் கட்டியது. முதல் பாலம் 1863இல், தங்கத்துக்குப் போக டக்ளஸ் போட்ட காரிபூ சாலைக்காக. பதினெட்டடி அகலத்தில், யேலிலிருந்து பார்க்கர்வில் வரைக்கும் ஏறக்குறைய 400 மைல், மலையைக் குடைந்து போட்ட அந்தச் சாலை பொறியியலில் பெரிய சாதனை. பாலம் கட்டிய ஒப்பந்தக்காரர் ஜோசப் ட்ரட்ச். அந்தப் பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

1862 மார்ச்சில் சான் பிரான்சிஸ்கோவிலிருந்து வந்த கப்பலில் பெரியம்மை வந்தது. வியாபாரத்துக்கும் கூலிக்கும் வடக்கிலிருந்து வந்த ஹைடா, சிம்ஷியான், ஹெய்ல்ட்சுக் மக்கள் விக்டோரியாவைச் சுற்றிக் குடிசை போட்டிருந்தார்கள். டக்ளஸ் மருத்துவமனைக்குப் பணம் கேட்டார், சட்டசபை கொடுக்கவில்லை. டாக்டர் ஹெல்ம்கன் உள்ளூர் மக்கள் சுமார் 500 பேருக்கு அம்மை குத்தினார். வடக்கு மக்களைப் போலீஸ் குடிசைகளுக்குத் தீ வைத்து விரட்டியது. பீரங்கிப் படகு அவர்களுடைய ஓடங்களைக் கரையோரமாக வடக்கே ஓட்டிச் சென்றது. நோயோடு போனவர்கள் வழியெங்கும் ஊர்களில் நோயை இறக்கினார்கள். பல்லாயிரம் பேர் செத்தார்கள்; ஆளே இல்லாமல் போன ஊர்கள் உண்டு. அந்த வெற்று ஊர்கள் பிறகு ஆளில்லாத நிலம் என்று கணக்கில் எழுதப்பட்டன. தனிமைப்படுத்தவும் அம்மை குத்தவும் அந்தக் காலத்தில் வழி இருந்தது. விரட்டியதற்குப் பொறுப்பு கவர்னருடையது. இதற்கு எந்தச் சமாதானமும் சொல்ல முடியாது.

1863இல் சர் பட்டம், 1864இல் ஓய்வு. அவர் போனபின் நிலத்துறைக்குத் தலைவராக வந்தவர் பாலம் கட்டிய அதே ட்ரட்ச். பூர்வகுடிகள் கேட்கும் இடத்தை அளந்து விடும்படி டக்ளஸ் சொல்லியிருந்த ஒதுக்கு நிலங்களை ட்ரட்ச் வெட்டிக் குறைத்தார்; குடும்பத்துக்குப் பத்து ஏக்கர் என்றார். பூர்வகுடிகளுக்கு நிலவுரிமை என்று ஒன்று இருந்ததே இல்லை என்றும் வாதிட்டார். டக்ளஸ் 1877 ஆகஸ்ட் 2இல் இறந்தார்; ராஸ் பே இடுகாட்டில் இருக்கிறார். அமீலியா 1890வரை இருந்தாள்.

அவருடைய பத்திரங்கள் என்ன ஆயின என்பதைத் தெரிந்துகொள்ள நனைமோவுக்குப் போக வேண்டும். விக்டோரியாவிலிருந்து இரண்டு மணி நேரத்துக்குள் போய்விடலாம். அங்கே 1853இல் கம்பெனி கட்டிய எண்கோண மரக்கோபுரம் துறைமுகத்தைப் பார்த்து நிற்கிறது. நிலக்கரிக்காகத்தான் 1854 டிசம்பரில் அங்கே கடைசி உடன்படிக்கை. அந்தத் தாளில் கைக்குறிகள் இருக்கின்றன, வாசகம் இல்லை. நிரப்புவதற்கு யாரும் மெனக்கெடவில்லை.

1963இல் கிளிஃபோர்ட் வைட், டேவிட் பாப் என்ற நனைமோ பூர்வகுடிகள் இருவர், வேட்டை தடைசெய்யப்பட்ட காலத்தில் ஆறு மான்களோடு பிடிபட்டார்கள். இளம் வழக்கறிஞர் தாமஸ் பெர்கர் டக்ளஸின் அந்த வாசகமில்லாத தாளை நீதிமன்றத்தில் வைத்து, இது உடன்படிக்கை, வேட்டையுரிமை இதில் இருக்கிறது என்று வாதாடினார். மாகாண மேல்முறையீட்டு நீதிமன்றம் ஏற்றது. 1965இல் கனடாவின் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. கையெழுத்தானபோது சொன்ன வாக்கு, எழுதாமல் விட்ட இடத்திலும் செல்லும் என்றாயிற்று. 2006இல் விக்டோரியாவின் சட்டமன்ற வளாக நிலம் தொடர்பாக சாங்கீஸ், எஸ்கிமால்ட் பூர்வகுடி மக்களுக்கு 3.15 கோடி டாலர் இழப்பீடு கிடைத்தது. டக்ளஸின் தூண் நிற்பது அந்த வளாகத்தில்தான்.

என் முடிவைச் சொல்லிவிடுகிறேன். டக்ளஸின் உடன்படிக்கைகள் நேர்மையாக நடக்கவில்லை; ஆனாலும் கேட்டுத்தான் எடுக்க வேண்டும் என்ற கொள்கை அவற்றில் இருந்தது. அவர் செய்த பெருந்தவறு பதினான்கோடு நிறுத்தியது. 1861இல் கௌவிச்சன் பக்கத்து நிலங்களுக்காக லண்டனிடம் 3,000 பவுன் கடன் கேட்டார், உள்ளூரிலேயே திரட்டிக்கொள் என்று பதில் வந்தது, சட்டசபையும் தரவில்லை, அதோடு விட்டுவிட்டார். பணமில்லை என்பதை என்னால் ஏற்க முடியவில்லை. அதற்கு அடுத்த ஆண்டே, அதே கவர்னரின் கீழ் இருந்த தலைநிலத்தில், தங்கத்துக்குப் போகும் சாலைக்காகக் கடன் வாங்கினார்கள். பிரிட்டிஷ் கொலம்பியாவின் பெரும்பகுதிக்கு இன்றுவரை எந்த உடன்படிக்கையும் கிடையாது. அதனால்தான் 2014இல் கனடாவின் உச்ச நீதிமன்றம், சில்கோட்டின் மக்களின் 1,700 சதுர கிலோமீட்டருக்கு மேற்பட்ட நிலம் இன்னும் அவர்களுடையதே என்று தீர்ப்புச் சொன்னது.